பார்க்கக் கூடாதவள்

சினிமா படிக்கிற மாணவர்களுக்கு ஆரம்பப் பாடங்களில் ஒன்று, லாரா மல்வி 1975-ல் வெளியிட்ட கட்டுரை. சாரம் இதுதான்: திரையில் ஆண் பார்ப்பவன், பெண் பார்க்கப்படுபவள், காமிரா ஆணுடைய கண். நம்ம ஊர் டூயட்களைப் பார்த்தால் அந்தம்மா சொன்னது சரிதான் என்று தோன்றும். லீனா மணிமேகலையின் 'மாடத்தி' (2019) பார்த்தபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

புதிரை வண்ணார்கள், தலித் மக்களுக்குத் துணி வெளுத்தவர்கள். கண்ணால் பார்த்தாலே தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர்கள். எதிரே ஆள் வந்தால் புதருக்குள் ஒளிய வேண்டும். படத்தில் வேணி (செம்மலர் அன்னம்) ஆற்றில் ஊராரின் தீட்டுத் துணிகளை வெளுக்கிறாள். கண்ணில் படக் கூடாதவள்தான்; காட்டில் தனியாக அகப்பட்டால் மட்டும் ஆண்களுக்குத் தீட்டு மறந்துவிடுகிறது. மல்வி சொல்லும் பெண்ணை எல்லோரும் பார்க்கிறார்கள். இவளை யாரும் பார்ப்பதே இல்லை, ஆனாலும் தப்பவில்லை. மகள் யோசனாவோ, குளிக்கிற ஓர் இளைஞனை மறைந்திருந்து பார்க்கிறாள். கோட்பாடு தலைகீழ்!

லீனாவுக்குச் சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி, வத்திராயிருப்புப் பக்கம் மகாராஜபுரம். அப்பா கல்லூரி ஆசிரியர். பாரதிராஜா படங்களைப் பற்றி ஆய்வேடு எழுதியவர். இந்தத் தகவலை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஸ்டூடியோ செட்டுக்குள் கிடந்த கிராமத்தை வெயிலுக்குக் கொண்டுவந்தவர் பாரதிராஜா. ('16 வயதினிலே'யின் கிராமம் கர்நாடகத்துக் கொள்ளேகால் பக்கம் என்பது வேறு விஷயம்.) அவர் படங்களில் ஆறு என்றால் காதல், பாட்டு, நீராடல். 'வேதம் புதிது' (1987) படத்தில் ஜாதியைப் பற்றிய அந்தப் பிரபலமான கேள்வியும் ஆற்றங்கரையில்தான் எழுந்தது. கேட்டது ஒரு பிராமணச் சிறுவன். அதே ஆற்றில் ஒளிந்து ஒளிந்து துணி வெளுத்தவளைக் காட்டியது, ஆய்வேடு எழுதியவரின் மகள்.

குறையில்லாமல் இல்லை. யோசனா காட்டில் திரிகிற காட்சிகள் கொஞ்சம் அதிகப்படியான அழகு. வேணி துணியை ஆத்திரத்தோடு அடித்துத் துவைப்பதில் இருக்கிற உண்மை அவற்றில் இல்லை. முடிவையும் சீக்கிரமே ஊகித்துவிடலாம்.

கொலையுண்ட பெண்ணைச் சாமியாக்கிக் கும்பிடுவது நம் தென்மாவட்டங்களுக்குப் புதிதல்ல. 'மாடத்தி'யை ஆராயப் போகிறவர்கள் ராஜபாளையத்தில் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில் எங்காவது இறங்கி, சின்னச் சின்ன அம்மன் கோயில்களில், "இந்தம்மா யார் வீட்டுப் பொண்ணு, எப்படிச் செத்தா?" என்று விசாரித்துப் பார்க்கலாம். மல்வியைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.