பதற்றமா, கூச்சமா? வகுப்பறைப் பதற்ற அளவுகோலின் தமிழாக்கம் குறித்து

ஆங்கிலம் பேசத் தயங்கும் பல்கலைக்கழக மாணவரை ஆராய்வோர் பலரும் கையாளும் கருவி, எலைன் ஹார்விட்ஸ், மைக்கேல் ஹார்விட்ஸ், ஜோன் கோப் ஆகியோர் 1986இல் வெளியிட்ட அயல்மொழி வகுப்பறைப் பதற்ற அளவுகோலாகும். இதில் 33 கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றிற்கும் ஐந்து நிலை விடைகள். மொத்த மதிப்பெண் 33 முதல் 165 வரை அமையும். இதனைத் தமிழாக்கி நம் மாணவரிடம் பயன்படுத்துங்கால் எழும் இடர்ப்பாடுகள் மூன்றினை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

முதலாவது, சூழல். இக்கருவி டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அயல்மொழியைத் தொடக்க நிலையில் பயின்றோரிடையே உருவானது. அங்கு அம்மொழி ஒரு வகுப்பிற்குள் அடங்கிவிடும். இந்தியப் பல்கலைக்கழகங்களிலோ ஆங்கிலம் பல துறைகளுக்குப் பயிற்றுமொழி. வேதியியல் வாய்மொழித் தேர்வும் பணி நேர்காணலும் அம்மொழியிலேயே நிகழ்கின்றன. எனவே 'மொழி வகுப்பில்' என்னும் வரையறை பதற்றத்தின் பெரும்பகுதியை வெளியே நிறுத்திவிடுகிறது. மேலும், இரு கூற்றுகள் அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோர்முன் பேசுவது பற்றியவை. நம் மாணவர் அஞ்சும் கேட்போர் பெரும்பாலும் ஆங்கிலம் கற்ற மற்றோர் இந்தியரே.

இரண்டாவது, தொடரமைப்பு. கூற்றுகள் சில எதிர்த்திசையில் மதிப்பெண் பெறுவன. 'பதற்றமடைய மாட்டேன்' என்பதற்கு 'உடன்படவில்லை' என விடையளிக்குங்கால் இரு எதிர்மறைகள் மோதுகின்றன. விரைந்து படிப்பவர் தவறாகக் குறிக்க இடமுண்டு. 'அமைதியாகப் பேசுவேன்' என்று உடன்பாட்டில் அமைப்பின், திசையும் மாறாது, மயக்கமும் நீங்கும்.

மூன்றாவது, சொல். மூலத்தில் கவலை, அச்சம், நடுக்கம், படபடப்பு, கூச்சம் ஆகியன தனித்தனிச் சொற்களால் சுட்டப்படுகின்றன. அனைத்தையும் 'பயம்' எனப் பெயர்ப்பது எளிது, ஆனால் பிழை. தொல்காப்பியர் அச்சத்தையும் இளிவரலையும் வெவ்வேறு மெய்ப்பாடுகளாக வகுத்துள்ளார். தேர்வை எண்ணி நடுங்குவது முன்னது; உச்சரிப்பு கேட்டு உடன்பயில்வோர் சிரிக்கக் குன்றிப்போவது பின்னதற்கு நெருங்கியது. முன்னதற்குப் பயிற்சி துணைசெய்யலாம். பின்னதற்கு மாற வேண்டியது வகுப்பறையே.

பதற்றம் மொழித்திறன் குறைவின் காரணமா, விளைவா என்னும் வினாவை ஸ்பார்க்ஸ், கான்ஷோ ஆகியோர் 1991இல் எழுப்பினர். மதிப்பெண் மட்டும் அதற்கு விடை தராது. பள்ளிக்கல்வி முழுவதையும் தமிழில் பெற்று வரும் மாணவர் உயர்ந்த மதிப்பெண் பெற்றால், குறை அவர் மனத்தில் உள்ளது என முடிவுகட்டுவது எளிது. அம்முடிவுக்கு மொழிபெயர்ப்பின் பிழையும் துணைபோகலாகாது. ஆதலின், தமிழாக்கத்தை மாணவரிடமே படிக்கக் கொடுத்து, ஒவ்வொரு கூற்றையும் அவர் எவ்வாறு புரிந்துகொண்டார் எனக் கேட்டறிந்த பின்னரே அளவிடத் தொடங்குதல் வேண்டும்.