யாருடைய அசல் ஒலி?

முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய கணினியைத் தூசு தட்டி எடுத்து, டாஸ் விளையாட்டுகளைச் சத்தத்தோடு ஓடவிடுவது இன்று தனி மோகமாகவே வளர்ந்துவிட்டது. ஒரு 486 மதர்போர்டு, ஒரு சவுண்ட் பிளாஸ்டர் கார்டு, கையில் காசிருந்தால் ரோலண்ட் நிறுவனத்தின் எம்டி-32 இசைக் கருவி. இவை கூடிவிட்டால் அந்தக் காலத்து ஒலி அப்படியே திரும்பிவிடும் என்று இந்த ஆர்வலர்கள் நம்புகிறார்கள். டாஸ்பாக்ஸ் போன்ற எமுலேட்டரில் கேட்பது நகல், பழைய வன்பொருளில் கேட்பதே அசல் என்று அடித்துச் சொல்கிறார்கள். பெங்களூரு எஸ்.பி. ரோட்டிலும் சென்னை ரிச்சி தெருவிலும் ஐஎஸ்ஏ கார்டு தேடுபவர்களின் வாயிலும் இதே வாதம்தான். மைசூரு போன்ற ஓர் ஊரை மனத்தில் வைத்துக் கேட்டால் இந்த வாதம் நிற்கவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். விளையாட்டைக் காப்பது வெட்டிவேலை அல்ல. 19ஆம் நூற்றாண்டிலேயே மும்மடி கிருஷ்ணராஜ உடையார் கஞ்சீபா சீட்டாட்டங்களையும் பலகை விளையாட்டுகளையும் பொருட்படுத்தி, ஆட்ட முறைகளோடு நூலில் ஏற்றி வைத்த ஊர் மைசூரு. கணினி விளையாட்டும் அந்த மரியாதைக்குரியதே. பழைய போர்டைப் பிழைக்கவைக்க நிஜமான கைத்திறன் வேண்டும். மதர்போர்டில் பற்றவைத்த நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்து செம்புத் தடங்களை அரித்துப் பச்சையாக்கியிருக்கும். அதைச் சுத்தம் செய்து, அறுந்த தடங்களுக்கு மெல்லிய கம்பியை சாலிடர் செய்து உயிர் கொடுப்பவரைப் பாராட்டத்தான் வேண்டும். காயலான் கடைக்குப் போக வேண்டியதை மீட்கிறார்கள். எமுலேட்டர் எல்லாவற்றையும் செய்துவிடும் என்று சொல்பவர்களும் அவசரக்காரர்களே.

பழைய கார்டைப் பேசவைக்கும் பாடு எப்படிப்பட்டது என்பதற்கு ஒரே ஓர் உதாரணம். ஆட்டோஎக்ஸெக் கோப்பில் ‘செட் பிளாஸ்டர்=ஏ220 ஐ5 டி1’ என்று ஒரு வரி எழுத வேண்டும். 220 கார்டின் முகவரி, 5 அதன் இன்டரப்ட் எண், 1 டிஎம்ஏ தடம். கார்டில் உள்ள ஜம்பரும் இந்த வரியும் ஒத்துப்போகாவிட்டால் விளையாட்டு ஊமையாகும், அல்லது ஒரு வெடிச்சத்தத்தோடு உறைந்து நிற்கும். தொடக்க கால சவுண்ட் பிளாஸ்டர்கள் 7ஆம் எண்ணோடு வந்தன. முதல் பிரிண்டர் போர்ட்டுக்கு வழக்கமாக உரிய எண்ணும் அதே 7. மைசூரில் இதற்குக் கூடுதல் பொருள் உண்டு: விப்ரோவின் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள் தயாரான ஊர் அது. இந்திய அலுவலகக் கணினியில் அந்தப் போர்ட் பெரும்பாலும் சும்மா கிடக்கவில்லை. பில்லும் சம்பளப் பட்டியலும் அதன் வழியாகவே வெளியே வந்தன. இயந்திரத்தில் முதல் உரிமை யாருக்கு இருந்தது என்பதற்கு இந்த 7ஆம் எண்ணே போதும்.

‘அசல்’ என்ற உரிமைகோரலை இனி உரசிப் பார்க்கலாம். கேபினட்டைத் திறந்தால் ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டை. ஃபிளாப்பி டிரைவ் இருந்த இடத்தில், பென் டிரைவிலிருந்து படிக்கும் கோடெக் பெட்டி. எம்டி-32 கிடைக்காதவர் ராஸ்பெர்ரி பை சிறுகணினியில் அதன் நகலை ஓடவிடுகிறார். 1992இல் வந்த கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் கார்டுக்குப் பதிலாக, இன்றைய மைக்ரோகன்ட்ரோலரை வைத்துச் செய்த பிகோகஸ் கார்டைச் செருகுகிறார். எமுலேட்டரைப் பழிப்பவரின் பெட்டிக்குள்ளேயே எமுலேட்டர் குடியிருக்கிறது. ‘அசல் சவுண்ட் பிளாஸ்டர்’ என்பதும் ஒற்றைப் பொருளல்ல. சவுண்ட் பிளாஸ்டர் 16 என்ற பெயரில் வந்தவற்றிலேயே சிலவற்றில் யமஹாவின் ஓபிஎல்3 சில்லு இருந்தது. பிற்காலத்தவை சிலவற்றில் கிரியேட்டிவ் நிறுவனம் தானே செய்த மாற்று இருந்தது. இரண்டும் ஒரே ராகத்தை வேறு வேறு நிறத்தில் பாடும்.

இதெல்லாம் சில்லறைக் குறைகள், பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறொன்று. இந்தப் பெட்டிகளிலிருந்து வரும் ஒலி, இந்தியாவில் இந்த விளையாட்டுகளை ஆடிய தலைமுறையில் மிகப் பெரும்பாலோர் கேட்டே இராத ஒலி.

1988இல் சியரா நிறுவனம் ‘கிங்ஸ் குவெஸ்ட் 4’ விளையாட்டை எம்டி-32க்கு ஏற்ற இசையோடு வெளியிட்டது. அந்தக் கருவியை அமெரிக்காவில் சியராவே 550 டாலருக்கு விற்றது. 1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்ட பிறகான கணக்கில் அது 14,000 ரூபாயைத் தொடும், சுங்க வரி சேராமலேயே. அந்த ஆண்டுச் சீர்திருத்த பட்ஜெட் உச்சபட்ச இறக்குமதி வரியைக் குறைத்தது. குறைத்த பிறகும் அது 150 சதவீதம். மைசூரில் அன்று கணினி இருந்த இடங்களை எண்ணிப் பார்க்கலாம்: பொறியியல் கல்லூரி லேப், தனியார் பயிற்சி நிலையம், வங்கி, தொழிற்சாலையின் கணக்குப் பிரிவு. அவற்றை வாங்கியவர்கள் வேர்ட்ஸ்டாருக்கும் லோட்டஸுக்கும் டிபேஸுக்கும் வாங்கினார்கள். கோபோல் நிரல்மொழி கற்றுத்தரும் இயந்திரத்துக்கு இசை எதற்கு? சவுண்ட் கார்டும் சிடி டிரைவும் ‘மல்டிமீடியா கிட்’ என்ற பெயரில் நடுத்தர வீடுகளுக்கு வரத்தொடங்கியது தொண்ணூறுகளின் நடுவில். அதற்குள் டாஸின் காலம் முடிந்து விண்டோஸ் 95 வாசலில் நின்றது.

அப்படியானால் கேட்டது எது? கேபினட்டின் முன்பக்கம் உள்ளே ஒட்டியிருந்த, இரண்டங்குலச் சொச்சம் அகலமுள்ள காகிதக் கூம்பு ஸ்பீக்கர். அதிலிருந்து மதர்போர்டுக்கு ஓடும் இரண்டு வயர்கள். ஒரு நேரத்தில் ஒரு சுரம், சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. கணினிக்குள் வினாடிக்கு ஏறத்தாழ 11.9 லட்சம் முறை துடிக்கும் ஒரு டைமர் சில்லு உண்டு. அந்த எண்ணை 2,712ஆல் வகுக்கச் சொன்னால் 440 ஹெர்ட்ஸ் பிறக்கும். வேறு சுரம் வேண்டுமென்றால் வேறு எண். இசைக் கருவி என்று சொல்லத்தக்கது அல்ல அந்த ஸ்பீக்கர். மெமரி பழுதானால் கூவி அழைப்பதும் அதே கூம்புதான்.

ஆனால் அந்தக் கூம்பிலிருந்து வந்ததைக் குறையாகப் பார்ப்பது வரலாற்றைத் தலைகீழாகப் படிப்பது. 1983இல் வந்த ‘டிகர்’ விளையாட்டில் பின்னணியாக ‘பாப்கார்ன்’ என்ற மெட்டு ஓடும். போனஸ் நேரத்தில் ரோசினியின் ‘வில்லியம் டெல்’ முன்னிசை துள்ளும். டிகர் செத்தால் ஷோப்பானின் சாவு ஊர்வல இசை. மூன்றும் அந்த ஒற்றைக் கூம்புக்காகவே செதுக்கப்பட்டவை. அதில் எஃப்9 விசையை அழுத்தினால் ஒலி அடங்கிவிடும். செருப்பை வெளியே கழற்றிவிட்டு நுழையும் ஏசி லேபில், உதவியாளரின் காலடி கேட்கும் நேரத்தில் அந்த விசையின் அருமை தெரியும். இந்தியப் பள்ளிகளில் கொடிகட்டிப் பறந்த ‘டேஞ்சரஸ் டேவ்’ விளையாட்டின் டாஸ் வடிவம் பேசியதும் இந்த ஸ்பீக்கர் வழியாகத்தான். டேவை 486இல் ஏற்றி, சவுண்ட் பிளாஸ்டரை எவ்வளவு பக்குவமாகப் பொருத்தினாலும் கூடுதலாக ஒரு சுரம்கூட வராது.

கார்டை ஆதரித்த விளையாட்டுகளிலும் கதை இதுவே. 1990இல் டாஸுக்கு வந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ ஆட்லிப் கார்டில் ஒரு மாதிரி ஒலிக்கும், ஸ்பீக்கரில் வேறு மாதிரி. இங்கே பலருக்குப் பழகியது வறண்ட, கூரான இரண்டாவது ஒலி. 1993 இறுதியில் வந்த ‘டூம்’ விளையாட்டின் பாபி பிரின்ஸ் இசையை இன்று எல்லோரும் புகழ்கிறார்கள். சவுண்ட் கார்டு இல்லாத கணினியில் அந்த இசையே கிடையாது. துப்பாக்கிக்கும் கதவுக்கும் அரக்கனின் உறுமலுக்கும் ஸ்பீக்கரின் கரகரப்பு, மற்ற நேரமெல்லாம் அமைதி. அந்த அமைதியில் ஒரு கதவு திறக்கும் சத்தம் தனி பயத்தைத் தந்தது. அது குறைபாட்டில் பிறந்த அனுபவம்தான், ஆனாலும் அனுபவம். பாபி பிரின்ஸின் இசையை மேலே பூசி ‘இதுதான் அன்றைய டூம்’ என்று சொல்லும்போது இங்கே ஆடியவர்களின் நினைவு அழிக்கப்படுகிறது.

இன்னொரு செய்தியும் இந்த ஆர்வலர்களின் பேச்சில் வருவதே இல்லை. 1984இல் மத்திய அரசு ‘கிளாஸ்’ திட்டத்தின் கீழ் பள்ளிகளுக்குக் கொடுத்தது ஐபிஎம் வகைக் கணினி அல்ல, பிரிட்டனின் பிபிசி மைக்ரோ. அதில் மூன்று சுரங்களையும் ஓர் இரைச்சல் தடத்தையும் ஒரே நேரத்தில் எழுப்பும் ஒலிச் சில்லு இருந்தது. பிறகு டாஸ் கணினிக்கு மாறிய பள்ளி மூன்று சுரத்திலிருந்து ஒற்றைச் சுரத்துக்கு இறங்கியது. பீப்பில் தொடங்கி ஆட்லிப், சவுண்ட் பிளாஸ்டர், ரோலண்ட் என்று படிப்படியாக ஏறும் கதை கலிஃபோர்னியாவின் கதை. மைசூரின் கதை அப்படி நேராக ஏறவில்லை. அந்தக் கோணலைப் பதிவு செய்யாமல் நேர்க்கோட்டை இறக்குமதி செய்பவர், அன்றைய விலைப்பட்டியலைப் பார்த்து எழுந்த ஆசையை இன்று நிறைவேற்றிக்கொள்கிறார். வரலாற்றுக்கு அதனால் ஒரு துரும்பும் சேரவில்லை.

இசையமைப்பாளர் மனத்தில் இருந்தது எம்டி-32தானே, அவர் விரும்பிய ஒலியைத் தருவது எப்படித் தவறாகும் என்று கேட்கிறார்கள். சில விளையாட்டுகளுக்கு இது பொருந்தும். ஆனால் விளையாட்டு என்பது எழுதியவரோடு முடிவதில்லை, ஆடுபவரின் கையில்தான் அது நடக்கிறது. நிறுவனங்களும் இதை அறிந்திருந்தன. ஸ்பீக்கருக்கென்று தனி வடிவமும் எழுதின. அக்ஸஸ் சாஃப்ட்வேர் 1989இல் ‘மீன் ஸ்ட்ரீட்ஸ்’ விளையாட்டில், கார்டே இல்லாமல் அந்தக் கூம்பிலிருந்தே மனிதக் குரலையும் இசையையும் வரவழைத்தது. ஒரு பிட் மட்டுமே பேசத் தெரிந்த பொருளைப் பாடவைத்த பொறியியல் அது. இன்றைய ஆர்வலரோ செட்டப் நிரலைத் திறந்ததும் பட்டியலில் ‘பிசி ஸ்பீக்கர்’ என்ற வரியைத் தாண்டிப் போகிறார். பலர் அந்த வயரைப் பிடுங்கியே வைத்திருக்கிறார்கள், தொந்தரவாம்.

அந்தச் செயல் அவர்களுடைய சொந்தக் கொள்கைக்கே எதிரானது. ஓபிஎல்3 போன்ற எஃப்எம் சில்லின் ஒலி முழுக்க எண்ணிலக்கக் கணக்கில் பிறப்பது. நியூக்டு ஓபிஎல்3 போன்ற நிரல்கள் அதை வியக்கத்தக்க துல்லியத்தோடு மறு ஆக்கம் செய்துவிட்டன. ஸ்பீக்கரின் கதை வேறு. சதுர அலையை மட்டும் போட்டுக் காட்டும் எமுலேட்டர் காகிதக் கூம்பின் அதிர்வையும், தகரக் கேபினட் சேர்ந்து நடுங்குவதையும், மின்விசிறியின் இரைச்சலுக்குள் அந்தச் சுரம் புகுந்து வருவதையும் தருவதில்லை. பழைய வன்பொருள் இல்லாமல் முடியாது என்று அடித்துச் சொல்லத் தகுந்த ஒலி ஒன்று இருக்குமானால், அது இந்த பீப் ஒலிதான். அதைத்தான் தூக்கி எறிகிறார்கள். நகலெடுக்க எளிதானதற்கு ஆயிரங்களைக் கொட்டி, நகலெடுக்கக் கடினமானதைக் காயலான் கடைக்கு அனுப்புகிறார்கள். இதை ரசனை என்று ஏற்க முடியவில்லை. வெளிநாட்டுக் காணொளிகள் எதை அசல் என்கின்றனவோ அதுவே அசல் என்று தலையாட்டுவது இது.

கேபினட்டுகளின் கதி இன்னும் மோசம். இந்தியப் பெயர்ப்பலகை தாங்கிய எச்சிஎல், விப்ரோ பெட்டிகளிலிருந்து போர்டைக் கழற்றிக்கொண்டு கூட்டைக் கடாசுவதும், கூடு நன்றாக இருந்தால் உள்ளே தைவான் போர்டையும் கிரியேட்டிவ் கார்டையும் நிரப்புவதும் நடக்கின்றன. இங்கே விற்ற இயந்திரத்தில் எந்த ஸ்பீக்கர் இருந்தது, கூம்பா, பிற்காலத்துச் சிறு பஸ்ஸரா, எந்த வேகத்தில் டிகர் ஓடியது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. 4.77 மெகாஹெர்ட்ஸ் எக்ஸ்டி கணினியில் ஓடிய விளையாட்டை டர்போ பட்டன் அழுத்திய ஏடி கணினியில் ஓட்டினால் வேகமே மாறிவிடக்கூடும். இந்த விவரங்களுக்கு அருங்காட்சியகம் தேவையில்லை, ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

மைசூரில் இதற்கு முன்னுதாரணம் கண்ணெதிரே இருக்கிறது. மானசகங்கோத்ரியில் இருக்கும், 1969இல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், எழுத்தில்லாத சிறு மொழிகளையும் பேசுபவர் பேசியபடியே பதிவு செய்து ஆராய்ந்திருக்கிறார்கள். ‘சரியான’ உச்சரிப்பை அவர்கள் மேலே பூசுவதில்லை. கணினி ஆர்வலர்களும் அப்படிச் செய்யலாம். கேபினட்டை மூடி, ஆடுபவரின் காது இருக்கும் தூரத்தில் ஒரு மைக்கை வைத்து, டிகரையும் டேவையும் பிரின்ஸையும் ஸ்பீக்கரிலேயே ஓடவிட்டுப் பதிவு செய்யலாம். இயந்திரத்தின் பெயர், வேகம், ஸ்பீக்கரின் அளவு, அது எந்தக் கல்லூரியிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ வந்தது என்பதைப் பக்கத்தில் குறிக்கலாம். அன்று லேப் பொறுப்பில் இருந்தவர்கள் பலர் ஓய்வு பெற்று அதே ஊரில் இருப்பார்கள். அவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஸ்பீக்கர் வயர் இணைக்கப்பட்டிருந்ததா, கழற்றி வைக்கப்பட்டிருந்ததா என்பது. சவுண்ட் பிளாஸ்டரை அதன் பிறகு செருகிக்கொள்ளட்டும்.