இசைத்தட்டுக்குள் வராத சத்தம்

கறுப்பு இலக்கியத்தைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். மொழிபெயர்த்தோம், மேற்கோள் காட்டினோம், கூட்டங்களில் வாசித்தோம். ஆனால் அந்த மக்களின் பாட்டைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் நம்மில் குறைவு. எழுத்து மறுக்கப்பட்ட அடிமைகளின் பிள்ளைகள் தங்கள் வரலாற்றைப் புத்தகத்தில் வைப்பதற்கு முன்னால் பாட்டில் வைத்தார்கள். அதில் ஒரு வகைதான் ப்ளூஸ். அதை வாசித்த, இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிற ஒரு கிட்டார்காரரைப் பற்றியது இந்தக் கட்டுரை. பெயர் பட்டி கய்.

1958இல் முதல் இசைத்தட்டு. 2025இல், தனது 89ஆவது பிறந்த நாளன்று, 'எய்ன்ட் டன் வித் த ப்ளூஸ்'. அறுபத்தேழு ஆண்டுகள். இசை விமர்சகர்கள் இதை ஒரு வெற்றிக் கதையாகத்தான் சொல்கிறார்கள். ஏழைப் பிள்ளை, கடின உழைப்பு, கடைசியில் விருது, வெள்ளை மாளிகை, கைதட்டல், சுபம். நான் அப்படி வாசிக்க விரும்பவில்லை. ஒரு கலைஞனின் இசைத்தட்டுப் பட்டியல் அவன் என்ன வாசித்தான் என்பதன் கணக்கு அல்ல. ஸ்டுடியோ சாவி யார் இடுப்பில் இருந்தது என்பதன் கணக்கு. பட்டியலில் இருப்பதைப் போலவே இல்லாததையும் வாசிக்க வேண்டும்.

1936இல் லூசியானா மாநிலத்தில் லெட்ஸ்வொர்த் என்ற ஊரில் பிறந்தார். அப்பா அம்மா வாரத்துக்குப் பயிரிட்டவர்கள். நிலம் வெள்ளைக்காரனுடையது, வேர்வை இவர்களுடையது, விளைச்சலில் பாதி அவனுக்கு. சின்ன வயதிலேயே பட்டி பருத்தி எடுத்தார். வீட்டில் மின்சாரம் இல்லை. கம்பி கட்டித் தானே செய்துகொண்டதுதான் முதல் வாத்தியம். ஜான் லீ ஹூக்கரின் 'பூகி சில்லன்' விரலில் முதலில் பழகிய பாட்டு. பிறகு பேட்டன் ரூஜ் நகரில் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போனார். படிக்க இல்லை, துப்புரவும் பராமரிப்பும் செய்ய.

1957 செப்டம்பரில் சிகாகோவுக்கு ரயில் ஏறினார். தெற்கிலிருந்து லட்சக்கணக்கான கறுப்பர்கள் பருத்திக் காட்டை விட்டுத் தொழிற்சாலைகளைத் தேடி வந்த நகரம் அது. வந்த இடத்தில் வேலையும் இல்லை, சோறும் இல்லை. பசியில் கிடந்தவரை மடி வாட்டர்ஸ் தன் காரில் உட்கார வைத்து ரொட்டியும் இறைச்சியும் கொடுத்துச் சாப்பிடச் சொன்ன கதையை அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மூத்த கலைஞன் இளையவனுக்குச் சோறு போட்டான். கம்பெனிகள் என்ன செய்தன என்பதை இனிப் பார்ப்போம்.

1958இல் கோப்ரா கம்பெனியின் துணை நிறுவனமான 'ஆர்ட்டிஸ்டிக்' இரண்டு சிறு தட்டுகள் போட்டது. அடுத்த ஆண்டே கோப்ரா மூடிவிட்டது. 1960இல் செஸ் கம்பெனிக்குப் போனார். மடி வாட்டர்ஸ், ஹவ்லின் வுல்ஃப், லிட்டில் வால்ட்டர் எல்லோரும் பதிவு செய்த இடம். நடத்தியவர்கள் லெனார்டு, ஃபில் என்ற சகோதரர்கள். போலந்திலிருந்து வந்த யூதக் குடியேறிகள். அவர்களும் ஒதுக்கப்பட்ட கூட்டத்திலிருந்து வந்தவர்கள்தான். அவர்கள் இல்லை என்றால் அந்தப் பாட்டில் பாதி நமக்குக் கிடைத்திருக்காது. இதையும் மறைக்கக் கூடாது. ஆனால் கதவைத் திறந்தவன் கையில்தான் தாழ்ப்பாளும் இருக்கும்.

பட்டி கய் அன்று இரவு விடுதிகளில் எப்படி வாசித்தார்? ஆம்ப்ளிபயர் தாங்குகிற அளவுக்கு மேல் ஒலியை ஏற்றுவார். கம்பியின் குரல் கிழியும். ஒலிபெருக்கிக்கு எதிரே கிட்டாரைப் பிடிப்பார். நம்ம ஊர்க் கூட்டத்தில் மைக் கூவுமே, அந்த ஊளை கிளம்பும். அதை நிறுத்தாமல் வளைத்து இசையாக்குவார். நூறடிக்கு மேல் நீளமான வயரை மாட்டிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி, ஆட்களுக்கு நடுவே நடந்து, தெருவுக்கே போய்விடுவார். இதைக் கிட்டார் ஸ்லிம் என்ற கலைஞரிடமிருந்து எடுத்தேன் என்று பெயர் சொல்லித்தான் சொல்வார்.

இதை அப்படியே பதிவு செய்யுங்கள் என்றார் பட்டி கய். லெனார்டு செஸ் மறுத்துவிட்டார். இது வெறும் சத்தம் என்பது அவர் தீர்ப்பு. எது இசை, எது சத்தம் என்று தீர்ப்புச் சொல்கிற நாற்காலி யாருடையது என்ற கேள்வி இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்குப் புதுசு இல்லை. பறையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதும் இல்லை.

சரி, சத்தம் போடுகிறவன் என்றால் அனுப்பிவிட வேண்டியதுதானே? அனுப்பவில்லை. மற்றவர்களின் பாட்டுக்கு வாசிக்க வைத்துக்கொண்டார்கள். ஹவ்லின் வுல்ஃபின் 'கில்லிங் ஃப்ளோர்', கோகோ டெய்லரின் 'வாங் டாங் டூடில்', மடி வாட்டர்ஸின் 'ஃபோக் சிங்கர்' என்று அந்தக் கம்பெனியின் பெயர்பெற்ற தட்டுகளில் அவர் கிட்டார் இருக்கிறது. விரல் வேண்டும், ஆள் வேண்டாம். சொந்தப் பெயரில் வந்தவை சில்லறைத் தட்டுகள்தான். 1961இல் பதிவான 'ஸ்டோன் க்ரேஸி' ஏறக்குறைய ஏழு நிமிடப் பாட்டு. அதைப் பாதியாக வெட்டித்தான் வெளியிட்டார்கள். அப்படியும் கறுப்பர் இசைக்கான விற்பனைப் பட்டியலில் 12ஆவது இடத்துக்குப் போனது. ஏழாண்டு இருந்த கம்பெனியில் அவர் பெயரில் ஒரே ஒரு முழு நீளத் தட்டு, அதுவும் 1967இல். பகலில் பழுதான வண்டிகளைக் கட்டி இழுக்கும் லாரி ஓட்டினார். இரவில் கிட்டார்.

1965இல் நடந்ததை நான் மறக்கவே மாட்டேன். டெல்மார்க் என்ற சிறிய கம்பெனியில் ஜூனியர் வெல்ஸ் பாடிய 'ஹூடூ மேன் ப்ளூஸ்' பதிவாகிறது. கிட்டார் பட்டி கய். நடுவில் அவருடைய ஆம்ப்ளிபயர் கெட்டுப்போக, ஆர்கனுக்கு வைத்திருந்த சுழலும் ஒலிபெருக்கியில் கிட்டாரை இணைத்து வாசித்திருக்கிறார். அந்தத் தண்ணீர்க் குரல் இன்றைக்கும் கேட்கிறது. ஆனால் முதலில் வந்த தட்டின் உறையில் அவர் பெயர் இல்லை. செஸ் கம்பெனியின் ஒப்பந்தம் குறுக்கே வருமோ என்ற பயத்தில் 'ஃப்ரெண்ட்லி சாப்' என்று போட்டார்கள். 'பட்டி' என்றால் நண்பன், 'கய்' என்றால் ஆள். நட்பான ஆள்! சிரிப்பு வருகிறது, பின்னாலேயே கோபமும் வருகிறது. அவனுடைய சத்தத்தைத் தட்டில் போட மாட்டேன் என்றது ஒரு கம்பெனி. போட்ட கம்பெனியோ அவன் பெயரைப் போடப் பயந்தது.

அதே 1965இல் அவர் அய்ரோப்பா போனார். லண்டன் மார்க்கீ விடுதியில் அவர் இன்னும் இரண்டு பேரோடு மட்டும் வாசித்ததைப் பார்த்தவர்களில் எரிக் கிளாப்டனும் ஒருவர். மூன்று பேர் குழுவாகக் 'க்ரீம்' அமைக்கும் யோசனை அதிலிருந்துதான் வந்தது என்று கிளாப்டனே சொல்லியிருக்கிறார். இரண்டே ஆண்டில் அந்தக் கிழிந்த குரலும் ஊளையும் ராக் என்ற பெயரில் உலகம் முழுக்க விற்றது. ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கறுப்பர்தானே என்று கேட்கலாம். ஆமாம். அவரும் லண்டன் போய்த்தான் பெயர் வாங்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு லெனார்டு செஸ் ஆள் அனுப்பிக் கூப்பிட்டாராம். அந்தத் தட்டுகளைப் போட்டுக் காட்டி, நீ இத்தனை நாள் இதைத்தானே கேட்டாய், நான்தான் முட்டாள் என்று சொல்லி, குனிந்து நின்று பின்னால் உதைக்கச் சொன்னாராம். பட்டி கய் பல பேட்டிகளில் சிரித்துக்கொண்டே சொல்கிற கதை. நமக்குச் சிரிப்பு வரவில்லை. உதைத்தால் ஏழு வருஷம் திரும்பி வந்துவிடுமா? தன் கண் முன்னால் வாசித்தவனை நம்பாத ஆள், வெள்ளைப் பையன்கள் விற்றுக் காட்டிய பிறகுதானே நம்பினார்?

அடுத்து வேன்கார்டு கம்பெனி. 1968இல் வந்த 'எ மேன் அண்ட் த ப்ளூஸ்' நல்ல தட்டு. ஓடிஸ் ஸ்பானின் பியானோவும் இவர் கிட்டாரும் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொள்வது போல இருக்கும். ஆனால் அது அடக்கி வாசித்த அழகு. விடுதியின் இரவு அதில் இல்லை. 1970இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் அய்ரோப்பியப் பயணத்தில் வெல்ஸோடு முன்நிகழ்ச்சி வாசித்தார். 1972இல் இரண்டு தட்டுகள். பிறகு கதவு சாத்தப்பட்டது. அடுத்த பத்தொன்பது ஆண்டுகளில் பெரிய அமெரிக்கக் கம்பெனி எதுவும் அவரை ஸ்டுடியோவுக்குக் கூப்பிடவில்லை.

அந்த ஆண்டுகளில் அவர் தூங்கவில்லை. சிகாகோவின் தெற்குப் பகுதியில் 'செக்கர்போர்டு லவுஞ்ச்' விடுதியை நடத்தினார். வாசித்துக்கொண்டே இருந்தார். 1979இல் பிரான்சின் துலூஸ் நகரில் ஒரு சின்னக் கம்பெனி அவரைப் பதிவு செய்தது. 1981இல் அலிகேட்டர் அதை அமெரிக்காவில் 'ஸ்டோன் க்ரேஸி!' என்று வெளியிட்டது. பழைய பாட்டின் பெயர்தான், பதிவு வேறு. என் கணக்கில் அவருடைய தட்டுகளில் இதுதான் முதலிடம். விருந்தாளி இல்லை, மெருகு இல்லை, பிரேக் இல்லை. பாட்டு எங்கே முடியும் என்று அவருக்கே தெரியாதது போலப் போகிறது. செஸ் ஒதுக்கித் தள்ளியது இதைத்தான். இதைப் பதிவு செய்ய ஒருவர் கடல் தாண்டிப் போக வேண்டியிருந்தது.

1991இல் லண்டனில் பதிவான 'டேம் ரைட், அய்வ் காட் த ப்ளூஸ்' வந்தது. அப்போது அவருக்கு 55 வயது. கிராமி விருது, ஊர் ஊராகக் கச்சேரி. ஆனால் உறையைத் திருப்பிப் பாருங்கள். எரிக் கிளாப்டன், ஜெஃப் பெக், மார்க் நாஃப்ளர். குருவின் தட்டு விற்பதற்குச் சீடர்கள் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. தலைப்புப் பாட்டு அவரே எழுதியது, அதில் அவர் குரல் நெஞ்சைப் பிடித்து உலுக்குகிறது. மற்ற இடங்களில் மெருகு கூடிப்போய்விட்டது. தொடர்ந்து வந்த தட்டுகள் பலவற்றுக்கும் இந்தக் குறை உண்டு. 2001இல் வந்த 'ஸ்வீட் டீ' விதிவிலக்கு. மிசிசிப்பியின் ஆக்ஸ்ஃபோர்டில், ஜூனியர் கிம்ப்ரோவின் பாட்டுகளை எடுத்துக்கொண்டு, 64 வயதில் மறுபடியும் அந்தக் கிழிந்த குரலுக்குப் போனார். யார் கேட்பார்கள் என்ற கவலை இல்லாத தட்டு.

அவரிடமும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பிற்காலக் கச்சேரிகளில் ஹென்ட்ரிக்ஸ் மாதிரி, கிளாப்டன் மாதிரி வாசித்துக் காட்டுவார். கூட்டம் ஆர்ப்பரிக்கும். தன்னைப் பார்த்துப் படித்தவர்களைத் தானே நகலெடுத்தால்தான் தன்னை அடையாளம் காண்பார்கள் என்ற நிலைமை. அது பணிவா, தந்திரமா, தோல்வியா? மூன்றும்தான் என்று நினைக்கிறேன். அந்த ஆங்கிலேயப் பையன்கள்தான் எங்களுக்குக் கதவைத் திறந்தார்கள் என்று நன்றி சொல்கிறார். சொல்லட்டும், அது அவர் பெருந்தன்மை. நாம் சேர்ந்து நன்றி சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. கதவு ஏன் சாத்தியிருந்தது என்று கேட்பதுதான் நம் வேலை.

'கடைசியில் அங்கீகாரம் கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன புலம்பல்?' என்று சிலர் கேட்பார்கள். கிடைத்தது. 2005இல் ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் சேர்த்தார்கள். 2012இல் வெள்ளை மாளிகையில் ஒபாமாவையே பாட வைத்தார். 2025இல் 'சின்னர்ஸ்' படத்தில் கிழ ப்ளூஸ் பாடகராக வந்து நின்றார். இதெல்லாம் அவர் உயிரோடு இருந்ததால் கிடைத்தது. அவரோடு அதே காலத்தில் கோப்ராவில் பதிவு செய்த மேஜிக் சாம் 1969இல் 32 வயதில் இறந்துபோனார். ஓடிஸ் ரஷ் 1971இல் கேப்பிட்டல் கம்பெனிக்காகப் பதிவு செய்த தட்டு அலமாரியிலேயே கிடந்து, 1976இல் வேறொரு சின்னக் கம்பெனி மூலமாகத்தான் வெளியே வந்தது. நூறு வயது வாழ்ந்தால்தான் நியாயம் என்றால் அதற்குப் பெயர் நியாயம் இல்லை. 55 வயதில் பதிவானது 29 வயதில் வாசித்தது ஆகாது. அந்த இருபத்தாறு ஆண்டுச் சத்தத்தின் பெரும்பகுதி சிகாகோ விடுதிகளின் புகையோடு போய்விட்டது. எந்த விருதாலும் அதை மறுபடி பதிவு செய்ய முடியாது.

கறுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட கிட்டார் ஒன்றை இன்றும் வைத்திருக்கிறார். பக்கவாதத்தில் கிடந்த அம்மாவிடம், சிகாகோ போய்ச் சம்பாதித்துப் புள்ளி போட்ட காடிலாக் கார் வாங்கி ஓட்டிக்கொண்டு வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஊரை விட்டுக் கிளம்பினார். பொய் என்று தெரிந்தே சொன்ன வார்த்தை. 1968இல் அம்மா இறந்துபோனார். அந்தப் புள்ளிகள் அவருக்காகத்தான்.

கேட்க விரும்புகிற தோழர்கள் 1991இல் தொடங்க வேண்டாம். முதலில் 'ஹூடூ மேன் ப்ளூஸ்', அடுத்து 'ஸ்டோன் க்ரேஸி!', பிறகு 'ஸ்வீட் டீ'. கேட்டு முடித்ததும் மொத்தப் பட்டியலையும் கையில் எடுத்து ஆண்டுகளை மட்டும் வரிசையாக வாசியுங்கள். எங்கே நீண்ட இடைவெளி வருகிறதோ அங்கே நிறுத்துங்கள். அந்த ஆண்டுகளில் அவர் சும்மா இருக்கவில்லை. வாசித்துக்கொண்டுதான் இருந்தார்.