சிலிண்டருக்கும் அடுப்புக்கும் நடுவே

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தைச் சுற்றிப் பொழுது சாய்ந்ததும் தள்ளுவண்டிகள் வந்து நிற்கின்றன. சிக்கன் பகோடா, ஃபிரைட் ரைஸ், கொஞ்ச காலமாகக் கம்பிவலையில் வாட்டிய கோழி. மேல்தட்டில் இருப்பது ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய சின்ன கிரில் அடுப்பு. கீழ்த்தட்டில் நிற்பதோ 14.2 கிலோ வீட்டு சிலிண்டர், சில வண்டிகளில் 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர். இரண்டையும் சேர்ப்பது ஒரு ரப்பர் டியூப். பொங்கல் விடுமுறைக்கு ஊர் திரும்பும் பிள்ளைகள் மொட்டை மாடியிலும் மோட்டார் கொட்டகை ஓரத்திலும் கோழி வாட்டும்போதும் இதே ஏற்பாடுதான். கையடக்க அடுப்பு அதற்கென்று செய்த சின்ன டின்னையோ குட்டி சிலிண்டரையோ விட்டுவிட்டுப் பெரிய சிலிண்டரில் இணைகிறது.

சின்ன அடுப்புக்கு இவ்வளவு பெரிய சிலிண்டரா என்று அஞ்சுகிறவர்கள் பலர். அந்த அச்சம் தவறான இடத்தில் குந்தியிருக்கிறது என்பது என் கருத்து. பெரிய சிலிண்டரைத் தேர்ந்தெடுத்த வண்டிக்காரரின் முடிவில் பெரும்பகுதி சரி. பிழை இருப்பது சிலிண்டருக்கும் அடுப்புக்கும் நடுவே உள்ள ஒன்றரை மீட்டரில். அந்த ஒன்றரை மீட்டரை வாங்குகிறவர், விற்கிறவர், சோதனைக்கு வருகிறவர் என யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

முதலில் சரியான பகுதி. சிறிய கிரில் ஒன்று 3 கிலோவாட் அளவில் எரிந்தால் மணிக்கு ஏறத்தாழ 230 கிராம் எரிவாயு செலவாகும். கையடக்க அடுப்போடு வரும் டின் ஒன்றில் இருப்பதே அவ்வளவுதான். மாலை ஆறுக்குத் தொடங்கிப் பத்துக்கு முடிக்கும் வண்டிக்கு நான்கு டின் வேண்டும். ஒரு கிலோ அளவிலான எரிவாயுவுக்கு நான்கு தகர டின்களைத் தினமும் வாங்கி எறிவது கட்டுப்படியாகாது. பெரிய சிலிண்டரோ இரண்டு வாரம் தாங்கும்.

காசுக் கணக்கை விட முக்கியமான காரணம் சிலிண்டருக்குள் இருக்கிறது. உள்ளே இருப்பது திரவம். அது கொதித்து ஆவியாகித்தான் அடுப்புக்கு வர வேண்டும். கொதிப்பதற்கான வெப்பத்தை அது தன்னிடமிருந்தும் சிலிண்டரின் இரும்புச் சுவரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் நன்றாக எரியும்போது சிலிண்டரின் அடிப்பாகம் வியர்க்கிறது. வியர்வைக் கோடு எங்கே நிற்கிறதோ அதுவரைக்கும் கேஸ் இருக்கிறது என்று நம் வீட்டுப் பெண்கள் கணக்குச் சொல்வார்கள், அது சரியான கணக்கும்கூட. குட்டி சிலிண்டரில் திரவமும் குறைவு, திரவம் தொடும் சுவரும் குறைவு. பெரிய பர்னரை அதில் மாட்டினால் சீக்கிரம் குளிர்ந்துவிடும். குளிர்ந்தால் அழுத்தம் இறங்கும், தீ தாழும். "கேஸ் இழுக்க மாட்டேங்குதுண்ணா" என்று வண்டிக்காரர் சொல்வது இதைத்தான். மார்கழிப் பனியில் இன்னும் மோசம், ஏனென்றால் நம் சமையல் வாயுவில் புரோப்பேனோடு பியூட்டேனும் கணிசமாகக் கலந்திருக்கிறது. புரோப்பேன் கடுங்குளிரிலும் ஆவியாகிவிடும், பியூட்டேனோ பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்திலேயே சோர்ந்துபோகும். தீ தாழ்ந்ததும் குட்டி சிலிண்டரைச் சாய்ப்பார்கள், குலுக்குவார்கள், வெந்நீர் அண்டாவில் வைப்பார்கள். சாய்த்தால் ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் இறங்கி, அடுப்பில் தீ ஆளுயரத்துக்கு எழும்பும். பெரிய சிலிண்டரில் இந்தக் கூத்து எதற்கும் தேவை வராது.

தூரம் என்பது இன்னொரு நன்மை. டின் போடும் அடுப்புகளில் எரிவாயு அடுப்பின் உடலுக்குள்ளேயே, பர்னருக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறது. அதன் மேல் அகலமான தோசைக்கல்லை வைத்தால் கல்லின் வெப்பம் கீழே திரும்பி டின்னைச் சுடுகிறது. அப்படி வெடித்த டின்கள் பல நாடுகளில் உண்டு. டியூப் போட்டு சிலிண்டரைத் தள்ளி நிறுத்துகிறவர் இந்த ஆபத்திலிருந்து விலகிவிடுகிறார்.

எல்லாவற்றையும் விடப் பெரிய நன்மை, அவர் 'ஊத்திக்கொள்ள' போவதில்லை. கிராமப்புறத்தில் முத்திரையில்லாத இரண்டு, மூன்று கிலோ சிலிண்டர்கள் இன்னும் புழங்குகின்றன. வீட்டு சிலிண்டரைத் தலைகீழாக நிறுத்தி, ஒரு இணைப்புக் குழாய் வழியே குட்டியில் திரவத்தை இறக்குவார்கள். எடை பார்ப்பதில்லை. 14.2 கிலோ சிலிண்டரின் உள்ளளவு 33.3 லிட்டர். ஆலையில் நிரப்பும்போது அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு வெற்றிடம் விட்டே அனுப்புகிறார்கள், வெயிலில் திரவம் விரிய இடம் வேண்டும் என்பதற்காக. கழுத்துவரை ஊற்றிய குட்டி சிலிண்டரில் அந்த இடம் இருக்காது. சித்திரை வெயிலில் அதை வண்டியின் டிக்கியில் வைத்துப்போவது எப்படிப்பட்ட காரியம் என்பதை விளக்க வேண்டியதில்லை. உரிமம் இல்லாமல் இப்படி ஒரு சிலிண்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது குற்றம். இந்த வழக்கத்தை ஒழிப்பதற்காகவே நான் பெரிய சிலிண்டர் இணைப்பை ஆதரிப்பேன்.

இனி அந்த ஒன்றரை மீட்டர்.

நம் வீட்டு சிலிண்டரின் வாய் நன்றாகச் சிந்தித்துச் செய்யப்பட்டது. ரெகுலேட்டர் மேலே உட்கார்ந்து உள்ளிருக்கும் ஊசியை அழுத்தினால்தான் வாயு வெளியே வரும், கழற்றினால் தானாக மூடிக்கொள்ளும். கோடையில் உள்ளே ஐந்து பார் அளவில் அழுத்தம் இருக்கலாம். ரெகுலேட்டர் அதை 30 மில்லிபாருக்கு இறக்கித் தருகிறது. நூறு மடங்குக்கும் மேலான இறக்கம். நம் வீட்டு அடுப்பு, ஜெட், டியூப் எல்லாமே இந்த 30 மில்லிபாரை நம்பிச் செய்யப்பட்டவை.

கையடக்க கிரில்களில் பல இந்த ஏற்பாட்டைச் சேர்ந்தவை அல்ல. சிலவற்றில் ரெகுலேட்டர் அடுப்பின் திருகுக்குள்ளேயே இருக்கும், சிலிண்டரின் முழு அழுத்தமும் வாசல்வரை வர வேண்டும் என்று எதிர்பார்க்கும். அதை வீட்டு ரெகுலேட்டரோடு இணைத்தால் இறக்கம் இரண்டு முறை நடக்கும், தீ அகல் விளக்கு அளவுக்கு எரியும். அப்போது ஊரில் இரண்டு வைத்தியம் நடக்கிறது. ஒன்று, ஜெட்டின் துளையை ஊசியால் குத்திப் பெரிதாக்குவது. காற்றோடு கலக்கும் விகிதம் கெட்டுத் தீ மஞ்சளாகும், பாத்திரம் கரிபிடிக்கும், மூடிய அறையில் நச்சுவாயு சேரும். மற்றது, வீட்டு ரெகுலேட்டரையே எடுத்துவிட்டு, சந்தையில் கிடைக்கும் ஹை பிரஷர் ரெகுலேட்டரை மாட்டுவது. தீ சீறிக்கொண்டு எரியும், வண்டிக்காரர் மகிழ்வார். டியூப் மட்டும் பழையதாகவே இருக்கும்.

இதைத்தான் நான் முதன்மைக் குற்றமாகச் சொல்வேன். 30 மில்லிபாருக்கான டியூபில் அதைப் போலப் பல மடங்கு அழுத்தம் ஓடுகிறது. டியூபை வெந்நீரில் நனைத்து முனையில் சொருகியதோடு சரி, கிளாம்ப் கிடையாது. வீட்டில் டியூப் நழுவினால் கசிவது ஒரு அளவு. ஹை பிரஷரில் நழுவினால் கசிவது வேறு அளவு, கைநீட்டித் திருகை மூடும் அவகாசத்தைக்கூட அது தராது. கோழியிலிருந்து சொட்டும் கொழுப்பு டியூபில் விழுந்து ரப்பரை ஊறவைக்கிறது. வண்டி குலுங்கும்போது தகரத்தின் விளிம்பு அதை அறுக்கிறது. ஏஜென்சி தரும் ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபுக்கு உள்ளே கம்பிப் பின்னல் உண்டு, ஐஎஸ் 9573 முத்திரை உண்டு, ஐந்து ஆண்டு ஆயுள் உண்டு. அதுவும் வீட்டு ரெகுலேட்டருக்காகச் செய்ததுதான். தெருவில் பார்க்கும் டியூப்களில் பலவற்றில் முத்திரையும் இல்லை, ஆண்டும் இல்லை.

இணைத்து நிறுத்தும் விதத்திலும் குறை உண்டு. சிலிண்டர் தரையில், அடுப்பு அதைவிட உயரத்தில் என்பதே பாதுகாப்பு விதி. தள்ளுவண்டி இதைத் தானாகவே காப்பாற்றிவிடுகிறது. வயல்வெளியில் கோழி வாட்டுகிறவர்களிடம் இது தலைகீழ். கிரில் தரையில், சிலிண்டர் பக்கத்தில் அதைவிட உயரமாக. இந்த வாயு காற்றை விடக் கனமானது, கசிந்தால் மேலே போகாமல் தண்ணீர் போலப் பள்ளம் தேடும். உத்திரமேரூர் வட்டம் ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் உள்ள பூமி. மோட்டார் குழியும் திறந்த கிணறும் இல்லாத கழனி அரிது. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு வாயு சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். குழிக்குள் சேர்ந்த வாயுவுக்கு மோட்டார் சுவிட்சின் பொறி போதும்.

இதே சிக்கலை அமெரிக்கர்கள் வேறு வகையில் சந்தித்தார்கள். அங்கே முகாம்களுக்கான கிரில்கள் ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் டப்பாவில் ஓடுகின்றன. அவற்றை 20 பவுண்டு சிலிண்டரோடு இணைக்கும் குழாய் கடைகளிலேயே கிடைக்கிறது. அந்தக் கிரில்லில் ரெகுலேட்டர் உள்ளேயே இருப்பதால் குழாயில் முழு அழுத்தம் ஓடுகிறது, குழாயையும் அதற்கேற்பவே செய்கிறார்கள். கொல்லைப்புறத்துப் பெரிய கிரில்களுக்குக் கையால் திருகும் இணைப்பு வைத்தார்கள். வெப்பம் ஏறினாலோ வாயு அளவுக்கு மீறி ஓடினாலோ அது தடுத்துவிடும். 2002 முதல், அளவுக்கு மேல் நிரப்புவதைத் தடுக்கும் மிதவை வால்வு இல்லாத இத்தகைய சிலிண்டர்களை மீண்டும் நிரப்பக் கூடாது என்றாக்கினார்கள். பெரிய சிலிண்டரை அவர்கள் தடைசெய்யவில்லை, இணைப்பைத் திருத்தினார்கள். நாம் வீட்டு அடுப்புக்கு அதைச் செய்துவிட்டோம். கையடக்க அடுப்புக்குச் செய்யவில்லை.

நம் சட்டம் எதைப் பார்க்கிறது? 2000ஆம் ஆண்டின் எல்.பி.ஜி. வழங்கல் ஒழுங்குமுறை ஆணை, வீட்டு சிலிண்டரை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. அது நியாயம். 2025 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை, வீட்டு எரிவாயுவைக் குறைந்த விலைக்கு விற்றதால் ஏற்பட்ட இழப்புக்காக எண்ணெய் நிறுவனங்களுக்கு 30,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. பொதுப்பணத்தால் விலை குறைந்த வாயு வியாபாரத்துக்குப் போகக் கூடாதுதான். ஆனால் வண்டிக்காரரின் கணக்கையும் பார்க்க வேண்டும். 2025 ஏப்ரலில் சென்னையில் வீட்டு சிலிண்டர் 868 ரூபாய் 50 காசு, கிலோ 61 ரூபாய். 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் சுமார் 1,920 ரூபாய், கிலோ 101. ஒன்றுக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி., மற்றதற்கு 18. இரவுக்கு ஒரு கிலோ எரிக்கும் வண்டிக்கு மாதம் 1,200 ரூபாய் வித்தியாசம். அந்த 1,200 ரூபாய்க்காக வீட்டு சிலிண்டரை ஒளித்து வைக்கிறார். ஒளித்து வைப்பதற்காகச் சாக்குப்பையால் மூடுகிறார், தகரப் பெட்டிக்குள் அடைக்கிறார், காற்றோட்டத்தைக் கெடுக்கிறார். சட்டத்துக்கு அஞ்சியே ஆபத்தைக் கூட்டிக்கொள்கிறார். ஏதாவது நடந்தால் ஏஜென்சிக்குச் சொல்லவும், 1906 அவசர எண்ணை அழைக்கவும் தயங்குகிறார்.

வீட்டு இணைப்புகளை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஏஜென்சி ஆள் வந்து சோதிக்க வேண்டும் என்ற விதி உண்டு. கையடக்க அடுப்புக்குப் பதிவுசெய்த முகவரியே கிடையாது. அதனால் அது எந்தச் சோதனையிலும் சிக்குவதில்லை. வண்டிகளில் சோதனை நடந்தால் சிலிண்டர் சிவப்பா நீலமா என்று பார்க்கிறார்கள். சிவப்பு என்றால் பறிமுதல். நீலம் என்றால் அடுத்த வண்டி. நீல சிலிண்டரில் வெடித்துப்போன டியூப் தொங்கினாலும் அது குற்றமாகாது.

நம் மாவட்டத்தின் நினைவில் சிலிண்டர் என்றாலே நடுக்கம் இருப்பதற்குக் காரணம் உண்டு. 2022 செப்டம்பர் 28 அன்று வாலாஜாபாத் அருகே தேவரியம்பாக்கத்தில் எரிவாயுக் கிடங்கில் பிடித்த தீயில் கருகியவர்களில் சிலர் மருத்துவமனையில் இறந்தார்கள். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் சட்டவிரோதமாகக் கொண்டுவந்த சிலிண்டரில் தேநீர் போடப் போய் ஒன்பது பேர் மாண்டார்கள். முதலாவது கிடங்கின் சேதி. இரண்டாவது நம் பொருளுக்கு நெருக்கமானது. கையோடு கொண்டுபோன அடுப்பு, மூடிய இடம், பக்கத்தில் எந்தச் சோதனையும் காணாத இணைப்பு. திறந்த வெளியில் நிற்கும் தள்ளுவண்டியை அதோடு சேர்த்து அஞ்சுவது சரியல்ல. கடைக்குள் கதவடைத்து அதே அடுப்பை எரிக்கும்போது அந்த அச்சம் முழுக்கச் சரி.

தினமும் வியாபாரம் செய்கிறவருக்கு 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர்தான் ஏற்றது. அதைக் கொடுக்கும் ஏஜென்சியே ஹை பிரஷர் ரெகுலேட்டரையும் அதற்கேற்ற கம்பிப் பின்னல் டியூபையும் கிளாம்போடு மாட்டித் தர வேண்டும், விலையைத் தவணையில் வாங்கிக்கொள்ளட்டும். எப்போதாவது கோழி வாட்டுகிறவருக்கு முத்திரையுள்ள 5 கிலோ சிலிண்டர் போதும். அடையாள அட்டையைக் காட்டினால் முகவரிச் சான்று இல்லாமலே தருகிறார்கள். கிரில் வாங்கும்போதே அது 30 மில்லிபாருக்கானதா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குவது நல்லது. இல்லையென்றால் ஜெட்டைக் குத்திச் சரிசெய்யப் பார்க்காமல் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வழங்கல் துறை அதிகாரி வண்டி முன் நிற்கும்போது, சிலிண்டரின் நிறத்தைப் பார்த்த கையோடு டியூபில் அச்சிட்ட ஆண்டையும் படிக்கலாம், இணைப்பில் சோப்புத் தண்ணீரைத் தொட்டுவைத்துக் குமிழி வருகிறதா என்று பார்க்கலாம். அதற்குக் கூடுதலாக ஆகும் நேரம் இரண்டு நிமிடம்.