தொடர்ச்சியும் மறுமொழியும்: ‘நாயகன்’, ‘காலா’ படங்களை முன்வைத்து

திரைப்படத் தொடர்ச்சிகள் குறித்து இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. முதற்படத்தின் வெற்றியை மீண்டும் விற்கும் வணிக உத்தியே அவை என்பது ஒன்று. கதைமாந்தர் வாழ்வை நிறைவு செய்வன என்பது மற்றொன்று. இவ்விரண்டும் கதையின் நீட்சியை மட்டுமே அளவுகோலாகக் கொள்கின்றன. தமிழ் இலக்கிய மரபோ வேறோர் அளவுகோலைத் தருகிறது. சிலப்பதிகாரத்தோடு கதைத்தொடர்பு உடைய மணிமேகலை, கோவலன் கண்ணகி கதையை நீட்டவில்லை. கணிகையர் குலத்தில் தோன்றிய மாதவி மகளின் துறவை மையமாக்குகிறது. முன்னூல் ஓரத்தில் நிறுத்தியதைப் பின்னூல் நடுவே கொணர்வதே தொடர்ச்சியின் பயன் எனலாம்.

இவ்வகையில் நோக்கின், ‘இந்தியன்’ (1996) வெளிவந்து 28 ஆண்டுகள் கழித்து வந்த ‘இந்தியன் 2’ (2024) பெயரளவிலேயே தொடர்ச்சியாகிறது. சேனாபதி மீள்கிறார், ஊழலுக்குத் தனிமனிதர் வழங்கும் தண்டனை என்னும் பழைய தீர்வும் உடன் மீள்கிறது. அவரை இளைஞர் எதிர்க்கும் இடம் புதுவினாவுக்கு வாயில் திறப்பினும், படம் அவ்வழியே நெடுந்தொலைவு செல்லவில்லை.

தொடர்ச்சி என்னும் பெயரின்றியே அப்பணியைச் செய்த படம், பா. இரஞ்சித் இயக்கிய ‘காலா’ (2018). மும்பைத் தமிழரிடையே செல்வாக்குப் பெற்றிருந்த வரதராச முதலியாரின் வாழ்வைத் தழுவியதாகக் கருதப்படும் மணிரத்னத்தின் ‘நாயகன்’ (1987), தாராவியைக் களமாகக் கொண்டது. அதில் குடிசைகளை அகற்ற முனையும் செல்வரின் மாளிகை நொறுக்கப்படுகிறது. நிலச்சிக்கல் அத்துடன் முடிகிறது. வேலு நாயக்கரின் துணிவை நிறுவுவதற்கே அக்காட்சி பயன்படுகிறது. பின்னர் அவர் நல்லவரா, தீயவரா என்பதே படத்தின் வினாவாகிறது. ‘காலா’வில் அந்நிலச்சிக்கலே முழுக்கதை. நிலம் யாருக்குரியது என்பதே அதன் வினா. தாராவி மக்கள் வேலைநிறுத்தம் செய்ய, நகரம் அவர்கள் உழைப்பால் இயங்குவது வெளிப்படுகிறது.

‘காலா’வும் உச்ச நடிகரின் ஒளிவட்டத்திலிருந்து முற்றும் விடுபடவில்லை என்பது மறுக்கவியலாதது. எனினும் இறுதியில், வீழ்த்தப்பட்டதாகக் கருதப்படும் தலைவனின் இடத்தை மக்கள் திரளே நிரப்புகிறது. நாயகனின் மறைவோடு முடியும் முன்னைய படத்திற்கு இது தக்க மறுமொழியாகும்.

தாராவி மறுசீரமைப்பு ஒப்பந்தப் போட்டியில் 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. அதன்பின் ‘காலா’வின் வினா திரைக்கு வெளியேயும் கூர்மை பெற்றுள்ளது. ஆகவே, தலைப்பில் இடப்படும் எண்ணைக் கொண்டன்று, முன்னைய படைப்பு விடுத்த வினாவைக் கொண்டே தொடர்ச்சியின் மதிப்பு அளக்கப்படுதல் வேண்டும்.