தேடப்பட்டவளும் தேடப்படாதவளும்

நாமக்கல் நூலகத்தில் எடுத்து, ஏழாம் வகுப்பில் ஒரே மூச்சில் படித்த நாவல் எனிட் பிளைட்டனின் ‘ஃபைவ் ஃபால் இன்டு அட்வென்ச்சர்’ (1950). அப்பாவின் படிப்பறையில் திருட்டு. அடுத்து மகள் ஜார்ஜைக் கடத்திவிடுகிறார்கள். பையனைப் போல முடி வெட்டிக்கொண்ட அந்த ஜார்ஜாகவே என்னை நினைத்துத் திரிந்தேன்.

இப்போது மறுபடி படித்தபோது மனசு ஜோவிடம் நின்றுவிட்டது. ஜார்ஜின் சாயலில் இருக்கும், அழுக்கான ஏழைப் பெண். திருடர்களோடு சேர்ந்த அப்பனுக்குப் பயந்து ஏவல் செய்கிறாள். கடைசியில் கோபுரத்துச் சுவரேறி ஜார்ஜை மீட்பதும் அவள்தான். அப்படியும் ஜார்ஜ் வீட்டில் அவளுக்கு இடமில்லை; சமையல்காரம்மாவின் உறவினர் வீட்டில் சேர்க்கிறார்கள். பிளைட்டனுக்கு இதுவே பெரிய கருணை!

ஜார்ஜ் தொலைந்தால் ஊரே தேடும். ஜோ தொலைந்தால் கதையே இல்லை.

தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் முதலில் வந்தது சேலம் மாவட்டத்துக்குத்தான். அப்போது நாமக்கல்லும் அதற்குள், பிரிந்தது 1997இல். பெண் சிசுக்கொலைக்குப் பேர்போன மண். என் அப்பாவுக்கு முன்னால் பிறந்த இரண்டு பெண்களைப் பற்றி அப்பாயி ஒரே ஒரு முறைதான் பேசியது. பெயர் கேட்டேன். வைக்கவில்லை என்றது.