கூட்டத்தைக் கவனித்தால்தான் பூங்கா புரியும்

கேளிக்கைப் பூங்கா கட்டி நடத்தும் ரோலர்கோஸ்டர் டைக்கூன் கணினி விளையாட்டைப் புதிதாகத் திறப்பவருக்கு முதலில் வரும் ஆசை, கையிலிருக்கும் பணத்தையெல்லாம் கொட்டிப் பிரம்மாண்டமான ரோலர்கோஸ்டர் ஒன்றைக் கட்டுவது. கட்டியதும் அது ஓடும். ஆனால் கிட்டே வருகிறவர்கள் பயந்து திரும்பிவிடுவார்கள்.

ஏன் என்று அவர்களிடமே தெரிந்துகொள்ளலாம். திரையில் நடக்கும் யாரைத் தொட்டாலும் அவர் மனதில் ஓடுவது தெரியும்: பசி, வரிசையில் நின்ற சலிப்பு, கழிப்பறை தேடும் தவிப்பு. இந்த விளையாட்டின் உயிரே அதுதான். ஸ்காட்லாந்துக்காரரான கிறிஸ் சாயர் 1999இல் வெளிவந்த இதை ஏறக்குறைய முழுவதும் அசெம்ப்ளி மொழியில் எழுதினார். அன்றைய சாதாரணக் கணினியிலும் பெருங்கூட்டம் தனித்தனி எண்ணங்களோடு உலவியது.

ஒவ்வொரு ரைடுக்கும் உற்சாகம், தீவிரம், குமட்டல் என மூன்று மதிப்பெண்கள். வளைவில் பக்கவாட்டு விசை அளவு மீறினால் தீவிரம் எகிறி உற்சாகம் சரியும். குமட்டல் கூடுதலென்றால் வெளிவாசலருகே துப்புரவுப் பணியாளர் வேண்டும்.

பாதைகளைக் கண்டபடி கிளைக்க விட்டால் வந்தவர்கள் வாசல் தெரியாமல் அலைவார்கள். பாதையின் அருமையைக் கொச்சி மட்டாஞ்சேரியில் 'ஜூ டவுன்' எனப்படும் யூதர் தெருவில் நேரில் பார்க்கலாம். 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தோடு அந்தச் சந்து முடிகிறது. போனவர்கள் வந்த வழியே திரும்ப வேண்டியிருப்பதால் பழம்பொருள் கடைகளும் மசாலாக் கடைகளும் அவர்கள் கண்ணில் இரண்டு முறை படுகின்றன. ஆலயம் மூடியிருக்கும் சனிக்கிழமையில் ஒருமுறை போய் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

அடுத்து பார்க்க வேண்டியது, கொச்சிக்கு அருகே பள்ளிக்கரையில் உள்ள வொண்டர்லா கேளிக்கைப் பூங்கா. கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி 2000இல் வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கிய பூங்கா இது. இந்த நிறுவனம் சில ரைடுகளைக் கொச்சியில் தானே தயாரித்தும் இருக்கிறது. அங்கே சற்று நேரம் எதிலும் ஏறாமல் வரிசைகளை மட்டும் கவனிக்க வேண்டும்: நிழல் எங்கே, குடிநீர் எங்கே, இறங்குகிறவர் முதலில் பார்க்கும் கடை எது?

விளையாட, 2016இல் கைபேசிக்கு வந்த 'ரோலர்கோஸ்டர் டைக்கூன் கிளாசிக்' போதும். முதல் இரண்டு பாகங்களும் அதில் அடக்கம். தொடக்கப் பூங்காவான 'ஃபாரஸ்ட் ஃப்ரண்டியர்ஸ்' கேட்பது, முதல் ஆண்டு அக்டோபர் முடிவில் 250 பேர், 600க்குக் குறையாத தர மதிப்பு. சின்ன ரைடுகளும் ஒரு மெக்கானிக்கும் இருந்தால் எட்டிவிடலாம். மழை பிடித்தால் குடை விலையை ஏற்றலாம்; வாங்குவார்கள். அதன்பிறகு ஆசைப்பட்ட ரோலர்கோஸ்டரைக் கட்டலாம். இறக்கத்தையும் வளைவையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, ஒவ்வொரு முறையும் சோதனை ஓட்டம் விட்டு, மூன்று மதிப்பெண்களையும் பார்த்த பிறகே ஆட்களை ஏற்ற வேண்டும்.